மார்க்குக்குக் காசு வரும்னு யாரு சொன்னா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னைக்குச் சாயங்காலமே உங்க வாட்ஸ்அப்பில் அந்தக் கேள்வி வந்து விழும். அத்தை மகன் கேட்பான், எதிர் வீட்டுத் தங்கச்சி கேட்கும், அப்பாவோட லாரி ஓட்டுகிற டிரைவர் அண்ணன் தன் மகளுக்காகக் கேட்பார். "540 மார்க் வந்திருக்குதுங்க. எந்தக் காலேஜ்ல ஸ்காலர்ஷிப் கிடைக்கும்?" சங்ககிரி, எடப்பாடி, குமாரபாளையம் பக்கம் ஒரு தெருவுக்கு ஒரு இன்ஜினியரிங் ஸ்டூடண்ட் இருந்தால் போதும், அந்தத் தெருவுக்கே அவர்தான் சம்பளமில்லாத அட்மிஷன் ஆபீசர். நாமும் சும்மா இருப்பதில்லை, எதையாவது சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வரியை நம்பி ஒரு குடும்பம் நாலு வருஷத்துக்குக் கடன் கணக்குப் போடுகிறது. அதனால் இந்த வருஷம் என்ன சொல்வது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளலாம்.

என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்ஜினியரிங் படிப்பில் மார்க்குக்காகவே வருகிற பணம் ரொம்பக் குறைவு. அது வருகிற ஆட்களும் ரொம்பக் குறைவு. நம்மைப் போன்றவர்களுக்கு நிஜமாகக் கைக்கு வருகிற பணம் மார்க் ஷீட்டைப் பார்த்து வருவதில்லை. எந்தப் பள்ளியில் படித்தாய், வீட்டு வருமானம் என்ன, என்ன வகுப்பு, வீட்டில் முன்னால் யாராவது டிகிரி முடித்திருக்கிறார்களா, கவுன்சலிங்கில் வந்தாயா என்று கேட்டுத்தான் வருகிறது. மார்க்குக்குக் கிடைக்கிற பெரிய பரிசு கவுன்சலிங் சீட்டுதான். அந்த சீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு 'மெரிட் ஸ்காலர்ஷிப்' வாங்கப் போகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

மார்க் எடுத்தால் காசு வரும் என்ற நம்பிக்கை நமக்கு எங்கிருந்து வந்தது? வேறெங்கும் போக வேண்டாம், நம்ம நாமக்கல் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்துதான். பத்தாவதில் 490ஐத் தாண்டிய பையனை வீடு தேடி வந்து, ஃபீஸ் வேண்டாம், ஹாஸ்டலுக்கும் காசு வேண்டாம், பிளஸ் ஒன்னுக்கு எங்ககிட்ட வந்து சேர்ந்தால் போதும் என்று கூட்டிப் போன காலம் ஒன்று இருந்தது. மாநில ரேங்க் வாங்கினால் அவன் முகம் நெடுஞ்சாலை ஓரம் ஃப்ளெக்ஸில் ஒரு வருஷம் நிற்கும். அதைப் பார்த்து அடுத்த வருஷம் 500 பேர் முழு ஃபீஸ் கட்டிச் சேருவார்கள். 2017 மே மாதம் தமிழக அரசு ரேங்க் அறிவிப்பதையே நிறுத்திவிட்டது. அந்தக் கணக்கு அதோடு கொஞ்சம் ஆட்டம் கண்டது. ஆனால் 15 வயசில் பதிந்த எண்ணம் மாறவில்லை. 'நல்லா படிச்சா ஃப்ரீயா படிக்கலாம்' என்று இன்றைக்கும் எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். ஸ்கூலில் அது பாதியாவது உண்மை. காலேஜில் கதை வேறு.

வேறு என்று ஏன் சொல்கிறேன்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம், நாம இன்ஜினியரிங்தானே படிக்கிறோம். 2017இல் கட்டண நிர்ணயக் குழு வைத்த தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். தனியார் கல்லூரியில் கவுன்சலிங் சீட்டுக்கு வருஷம் 50,000 ரூபாய், என்.பி.ஏ. அங்கீகாரம் இருந்தால் 55,000. மேனேஜ்மெண்ட் சீட்டுக்கு 85,000, அங்கீகாரம் இருந்தால் 87,000. இதில் ஹாஸ்டலும் பஸ்ஸும் சேராது. இப்போது சங்ககிரிப் பக்கத்துப் பையன் ஒருவனை வைத்துக்கொள்ளுங்கள். கட்-ஆஃப் 176. வீட்டில் முதல் பட்டதாரி. கவுன்சலிங்கில் போனால் 50,000இல் முதல் பட்டதாரி சலுகை 25,000 போய், கட்ட வேண்டியது 25,000. நாலு வருஷத்துக்கு ஒரு லட்சம்.

இதே பையனிடம் ஒரு கல்லூரியிலிருந்து ஃபோன் வருகிறது. "தம்பி, உங்க மார்க்குக்கு 50 சதவீத மெரிட் ஸ்காலர்ஷிப் சாங்ஷன் ஆகியிருக்கு. கவுன்சலிங் வரைக்கும் வெயிட் பண்ணாதீங்க, சீட் முடிஞ்சிரும். கம்ப்யூட்டர் சயின்ஸே தர்றோம்." 50 சதவீதம் என்றதும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் எதில் 50 சதவீதம்? மேனேஜ்மெண்ட் கட்டணமான 85,000இல். அதாவது 42,500. முதல் பட்டதாரி சலுகை கவுன்சலிங்கில் வந்தவர்களுக்கு மட்டும்தான், ஆக அதுவும் போச்சு. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே நாலு வருஷத்துக்கு 1,70,000. ஸ்காலர்ஷிப் வாங்கி 70,000 ரூபாய் அதிகமாகக் கட்டுகிற அதிசயம் இது.

எல்லாம் ஒழுங்காக நடக்கவும் நடக்காது. எனக்குத் தெரிந்த ஒருவனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊரும் கல்லூரியும் வேண்டாம். அவன் அப்பா பம்பாய் லைன் லாரி டிரைவர். முதல் செமஸ்டரில் மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸில் அரியர். யாருக்குத்தான் வைக்கவில்லை? நம்ம பேட்ச்சில் பாதிப் பேருக்கு அந்தப் பேப்பரோடு பழைய பகை இருக்கிறது. ஆனால் அவன் அட்மிஷன் லெட்டரின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: எல்லா செமஸ்டரிலும் அரியர் இல்லாமல், சி.ஜி.பி.ஏ. 8க்குக் குறையாமல் இருந்தால்தான் அடுத்த வருஷமும் ஸ்காலர்ஷிப். அரியரை அடுத்த செமஸ்டரிலேயே கிளியர் பண்ணிவிட்டான், பிரயோஜனம் இல்லை. இரண்டாம் வருஷம் முழு 85,000க்கு ரசீது வந்தது. நடுவில் விட்டால் டி.சி. பிரச்சினை, கட்டின காசும் திரும்பாது. அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. முதல் வருஷம் 42,500, மீதி மூன்று வருஷம் 85,000 வீதம், மொத்தம் 2,97,500. கவுன்சலிங்கில் ஒரு லட்சத்தில் முடிந்திருக்க வேண்டிய படிப்பு.

இதில் யாரும் அவனை ஏமாற்றவில்லை, அந்த வரி லெட்டரில் இருந்தது. அதுதான் எனக்குக் கோபம். கடையில் ஆடித் தள்ளுபடி போட்டால் நாம் அதைத் தள்ளுபடி என்றே சொல்கிறோம். காலியாகக் கிடக்கிற சீட்டை நிரப்பக் கொடுக்கிற தள்ளுபடிக்கு மட்டும் 'மெரிட்' என்று பேர் வைத்துவிடுகிறார்கள். காலி சீட்டால் வருமானம் பூஜ்யம், பாதி விலைக்கு விற்றால் பாதியாவது வரும். இது வியாபாரம், இதில் தப்பு இல்லை. அமெரிக்காவின் தனியார் கல்லூரிகளே முதலாம் வருஷ மாணவர்களுக்கு அறிவித்த டியூஷன் கட்டணத்தில் சராசரியாகப் பாதிக்கு மேல் கழித்துத்தான் வாங்குகின்றன, அங்கேயும் அதற்குப் பேர் ஸ்காலர்ஷிப்தான். நம் கையில் இருப்பது, தள்ளுபடியைத் தள்ளுபடியாகப் பார்க்கிற புத்தி மட்டும்தான். யாராவது 50 சதவீதம் என்றால், எந்தத் தொகையில், எத்தனை வருஷத்துக்கு, எந்த நிபந்தனையில் என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஃபோனில் சொன்னதை நம்பாதீர்கள். "லெட்டரா தர முடியாதுங்க" என்று சொன்னால், உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

நிபந்தனையோடு வந்த மெரிட் ஸ்காலர்ஷிப்பை இழந்தவர்களில் ரொம்பப் பெரிய ஆள் ஒருவர் நமக்குப் பக்கத்தில், ஈரோட்டில் பிறந்தவர். சீனிவாச ராமானுஜன். 1904இல் பள்ளியை முடித்ததும் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதையும் அவரால் படிக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் ஃபெயில். ஸ்காலர்ஷிப் போனது. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். அப்போது அவருக்கு 17 வயசு. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சை தேறவில்லை, டிகிரி இல்லை. 1912இல் போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை. 1913இல்தான் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அதற்கும் நிபந்தனை இருந்தது, ஆனால் எப்படிப்பட்ட நிபந்தனை பாருங்கள்: மூன்று மாதத்துக்கு ஒரு முறை, செய்த வேலையைப் பற்றி ஒரு ரிப்போர்ட். அவ்வளவுதான். முதல் ஸ்காலர்ஷிப் எல்லா சப்ஜெக்டிலும் பாஸ் கேட்டது, இரண்டாவது அவர் செய்யக்கூடியதைக் கேட்டது. ராமானுஜனுக்கே ரினிவல் கண்டிஷன் இடித்தது என்றால், மேட்ரிசஸில் முட்டிக்கொள்கிற நமக்கு எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் 1993இலிருந்து 'ஹோப்' என்ற ஸ்காலர்ஷிப் இருக்கிறது. பள்ளியில் பி கிரேடு சராசரி வைத்திருந்தால் கிடைக்கும். கல்லூரியிலும் 3.0 ஜி.பி.ஏ. இருந்தால்தான் தொடரும், 30, 60, 90 கிரெடிட் முடியும்போது நிறுத்திப் பார்ப்பார்கள். அதற்குப் பணம் அரசு நடத்துகிற லாட்டரியிலிருந்து வருகிறது. நம்ம ஊரில் 2003லயே லாட்டரியைத் தடை பண்ணியாச்சு, ஆனால் ஸ்காலர்ஷிப் சைட்டில் பேரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிற மனசு மட்டும் அந்த லாட்டரிச் சீட்டு மனசாகவே இருக்கிறது.

அப்படியானால் நிஜமான மெரிட் ஸ்காலர்ஷிப் கிடையவே கிடையாதா? இருக்கிறது. அதன் அளவைத் தெரிந்துகொண்டு அப்ளை பண்ணினால் தப்பில்லை.

மத்திய அரசின் சென்ட்ரல் செக்டர் ஸ்காலர்ஷிப்பைப் பாருங்கள். பிளஸ் டூவில் உங்கள் போர்டில் 80 பெர்சன்டைலுக்கு மேல் இருக்க வேண்டும், வீட்டு வருமானம் வருஷம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மட்டும் பிளஸ் டூ எழுதுகிறவர்கள் ஏழரை லட்சத்துக்கும் மேல். அதில் முதல் 20 சதவீதம் என்றாலே ஒன்றரை லட்சம் பேர். ஆனால் இந்தியா முழுவதுக்கும் வருஷத்துக்குப் புதிதாகக் கொடுப்பது 82,000 தான். கிடைத்தால் முதல் மூன்று வருஷம் 12,000 வீதம், நாலாவது வருஷம் 20,000. தொடர வேண்டுமானால் 50 சதவீத மார்க், 75 சதவீத அட்டெண்டன்ஸ். நியாயமான நிபந்தனைதான். ஆனால் வேறு ஸ்காலர்ஷிப்போ கட்டணச் சலுகையோ வாங்குகிறவர்களுக்கு இது கிடையாது. முதல் பட்டதாரி சலுகையில் 25,000 வருகிறவர் 12,000க்காக இதன் பின்னால் அலைய வேண்டியதில்லை. இதை நம்ம பசங்க பல பேர் கவனிப்பதே இல்லை.

பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் 'பிரகதி' இருக்கிறது. வருஷம் 50,000, நல்ல தொகை. வருமான வரம்பு 8 லட்சம், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. டிகிரிக்கு நாடு முழுவதும் 5,000 பேர். முதல் வருஷமோ, லேட்டரல் என்ட்ரியில் இரண்டாம் வருஷமோ சேரும்போது மட்டும்தான் அப்ளை பண்ண முடியும். இந்தப் பத்திரிகை படிக்கிற முதலாமாண்டுத் தங்கச்சிகள் எல்லாரும் இதற்குக் கட்டாயம் போடுங்கள். ரிலையன்ஸ் ஃபவுண்டேஷனும் 5,000 பேருக்குக் கொடுக்கிறது, படிப்பு முடிவதற்குள் 2 லட்சம் வரை. ஆன்லைன் ஆப்டிட்யூட் டெஸ்ட் உண்டு. எந்த டிகிரி படிக்கிறவரும் போடலாம், அதாவது மொத்த இந்தியாவின் முதலாமாண்டு மாணவர்களும் உங்களோடு வரிசையில் நிற்கிறார்கள். வேலூர் வி.ஐ.டி.யின் 'ஸ்டார்ஸ்' திட்டம் அரசுப் பள்ளியில் படித்த கிராமத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாமே இலவசமாகக் கொடுக்கிறது. முழுமையான உதவி, ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பையன், ஒரு பொண்ணு. சேலம் மாவட்டம் எவ்வளவு பெரிசு என்று உங்களுக்குத் தெரியும். இன்னொன்று, 'இன்ஸ்பயர்' என்று வருஷம் 80,000 கொடுக்கிறார்களாமே என்று யாராவது கேட்பார்கள். அது பி.எஸ்சி. மாதிரி அடிப்படை அறிவியல் படிக்கிறவர்களுக்கு. பி.இ.க்குக் கிடையாது.

இதெல்லாம் சொல்வது பயமுறுத்த இல்லை. அப்ளை பண்ணுங்கள், ஆனால் வீட்டு பட்ஜெட்டில் இந்தப் பணத்தை வரவாக எழுதாதீர்கள். வந்தால் லேப்டாப், வராவிட்டால் ஒன்றும் குடி முழுகவில்லை என்கிற இடத்தில் அதை வையுங்கள்.

வரவாக எழுதக்கூடிய பணம் வேறு. 2010-11இலிருந்து முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது. சாதி, வருமானம் எதையும் அது கேட்பதில்லை, கட்-ஆஃப் 195ஆ 95ஆ என்றும் கேட்பதில்லை. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021இல் 7.5 சதவீத இடஒதுக்கீடு வந்தது, அதில் சேர்ந்தவர்களின் டியூஷன், ஹாஸ்டல், கவுன்சலிங் கட்டணத்தை அரசே கட்டுகிறது. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய் நேராகக் கணக்குக்கு வருகிறது. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் பெற்றோர் வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, ஆனால் 2018இல் மத்திய அரசு விதிகளை மாற்றிய பிறகு மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. கவனித்தீர்களா? எந்தப் பக்கம் போனாலும் கவுன்சலிங் சீட்டுதான் சாவி. மார்க்கின் மதிப்பு அந்தச் சாவியைத் திறக்கிற இடத்தில் இருக்கிறது.

இங்கே ஹாஸ்டலில் அடிக்கடி நடக்கிற ஒரு சண்டையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். "நான் 188 எடுத்து முழு ஃபீஸ் கட்டறேன், அவன் 140 எடுத்து ஒத்தப் பைசா கட்டல, இது என்ன நியாயம்?" இதைச் சொல்கிற நண்பர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன், ஃபீஸ் கட்டுகிற வலி அவர்கள் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். 188க்கு அவர் கேட்ட பிரிவு கிடைத்தது. 140க்கு அது கிடைக்கவில்லை. மார்க்குக்கான கணக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது. உதவித்தொகை பரிசுக் கோப்பை இல்லை. காசில்லை என்பதற்காக ஒருத்தர் படிப்பை விட்டுவிட்டு விசைத்தறிக்கோ, போர் வண்டிக்கோ போய்விடக் கூடாது என்பதற்காகக் கொடுப்பது. மார்க்கில் உச்சியில் இருக்கிற ஐ.ஐ.டி.களே டியூஷன் ஃபீஸைத் தள்ளுபடி செய்யும்போது ரேங்கைப் பார்ப்பதில்லை. வீட்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் என்றால் முழுசும், 5 லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கும் தள்ளுபடி. அங்கே உள்ளே நுழைந்த எல்லாரும் மெரிட்தான், அதற்குப் பிறகு பார்ப்பது பர்ஸை.

அதற்காக இந்த ஏற்பாட்டில் ஓட்டையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய ஓட்டை ஒன்று சங்ககிரியிலேயே இருக்கிறது. 2.5 லட்சம் வருமான வரம்பை மாதக் கணக்காக்கினால் 20,833 ரூபாய். லாரி ஓட்டி மாதம் 22,000 சம்பாதிக்கிற ஒருவரின் வருஷ வருமானம் 2,64,000. வரம்பைத் தாண்டிவிட்டார்! அந்தச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைக் காலேஜில் படிக்க வைப்பது எப்படி என்று யாரும் அவரிடம் கேட்பதில்லை. சொந்தமாக ஒரு வண்டி வைத்திருப்பவர் நிலைமை இன்னும் மோசம். பேர் 'லாரி ஓனர்', வண்டி ஃபைனான்ஸ்காரரிடம், டியூவும் டயரும் டீசலும் போக மிச்சம் டிரைவர் சம்பளம் கூட வராது. அதே மாதிரி, முதல் பட்டதாரி சலுகை ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். அக்கா டிகிரி முடித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. அக்கா படித்ததால் வீட்டில் பணம் கொட்டிவிட்டதா என்ன? கல்யாணமாகிப் போயிருப்பாள். வருமான வரம்பை 4.5 லட்சத்துக்காவது உயர்த்த வேண்டும், முதல் பட்டதாரி விதியில் வருமானம் குறைந்த வீட்டின் இரண்டாவது பிள்ளையையும் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. 'மெரிட் ஸ்காலர்ஷிப் கூட்டுங்கள்' என்று கேட்பதை விட இது அதிகம் பேருக்கு உதவும்.

இந்த ஓட்டையில் விழுகிறவர்களுக்கு மிச்சமிருப்பது கல்விக் கடன். கடன் என்றாலே நம்ம வீடுகளில் பயம், அதே வீடுகள் கந்துவட்டிக்கு வாங்கி மேனேஜ்மெண்ட் ஃபீஸ் கட்டும். 4 லட்சம் வரை பேங்கில் அடமானம் கேட்கக் கூடாது. வீட்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் அங்கீகாரமோ கோர்ஸுக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ இருந்தால், படிக்கிற காலத்துக்கும் அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கும் வட்டியை மத்திய அரசே கட்டுகிறது. இந்த அங்கீகாரத்தைச் சேருவதற்கு முன்னால் பார்க்க வேண்டும், சேர்ந்த பிறகு இல்லை. பேங்க் மேனேஜர் இழுத்தடிப்பார், அதுவும் உண்மைதான். வித்யாலட்சுமி போர்ட்டலில் அப்ளை பண்ணிவிட்டு அந்த நம்பரோடு போய் நின்றால் "இல்லை" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புவது அவருக்குக் கொஞ்சம் கஷ்டம்.

இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம் படிக்கிற நம்ம விஷயம் என்ன? கொஞ்சம் கசப்பாக இருக்கும். மேலே சொன்ன பெரிய ஸ்காலர்ஷிப்கள் பெரும்பாலும் முதல் வருஷத்தில் சேரும்போது மட்டும் திறக்கிற கதவுகள். தேர்ட் இயரில் உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாக ஸ்காலர்ஷிப் சைட் தேடுவதை விட, ஏற்கெனவே உங்களுக்கு வர வேண்டிய பணம் வந்ததா என்று பாருங்கள். வராமல் நிற்பதற்கு மார்க் காரணமாக இருக்காது. ஆதார் இணைத்த பேங்க் கணக்கு வேறாக இருக்கும், எட்டாவதில் தொடங்கிய கணக்கு டார்மண்ட் ஆகியிருக்கும், யூமிஸில் பேரின் இனிஷியல் மாறியிருக்கும், அல்லது என்.எஸ்.பி.யில் நீங்கள் அப்ளை பண்ணியதைக் கல்லூரியின் நோடல் ஆபீசர் கடைசித் தேதிக்குள் வெரிஃபை பண்ணாமல் விட்டிருப்பார். கடைசியாகச் சொன்னதுதான் கொடுமை. ஆபீஸ் ரூமுக்குப் போய்க் கேட்கக் கூச்சப்படாதீர்கள், வாரம் ஒரு தடவை போய் நில்லுங்கள். உங்களைப் பார்த்து அவர்களுக்கு அலுத்துப் போக வேண்டும். அப்புறம், அப்ளிகேஷன் ஃபீஸ், ப்ராசஸிங் ஃபீஸ் என்று உங்களிடமே காசு கேட்கிற ஸ்காலர்ஷிப் எதுவாக இருந்தாலும் லிங்க்கை மூடிவிடுங்கள்.

540 எடுத்த தங்கச்சிக்கு முதல் பதிலாகக் காலேஜ் பேரைச் சொல்லாதீர்கள். கட்-ஆஃப் எவ்வளவு, ஆறாவதிலிருந்து எந்தப் பள்ளி, வீட்டில் யார் டிகிரி, அப்பா சம்பளம் எவ்வளவு என்று நாலு கேள்வி கேளுங்கள். அதற்குள் எந்த அட்மிஷன் ஆபீசுக்கும் அட்வான்ஸ் கட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லச் சொல்லுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாம் இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். ரிசல்ட் வந்த பிறகு தாலுகா முழுக்க அங்கேதான் நிற்கும், சர்வரும் படுத்துவிடும். முதல் பட்டதாரிக்கு அண்ணன் அக்கா மட்டுமில்லை, தாத்தா பாட்டி படிப்பு விவரம் வரைக்கும் கேட்பார்கள். அதனால் ரேஷன் கார்டையும் வீட்டில் இருக்கிறவர்களின் டி.சி.களையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு நாள் காலையில் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.